இத்தாலி மொழியில் பிறந்தநாள் வாழ்த்து: கொழும்பிலிருந்து சொல்வோருக்கு

பலேர்மோவிலோ மிலானோவிலோ உள்ள பெறாமகளுக்குப் பிறந்தநாள் என்றால், வெள்ளவத்தையில் நாம் இரவு 12 மணி அடிக்கும் வரை காத்திருந்து வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவோம். அப்போது இத்தாலியில் முதல்நாள் இரவு 7.30 மணிதான். கோடைகால நேரம் நடக்கிற மாதங்களில் 8.30. பிறந்தநாள் வருமுன் வாழ்த்துவது அபசகுனம் என்பது இத்தாலியர் பலரின் நம்பிக்கை. அங்கே வளர்ந்த பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பெறாமகள் வேலை செய்கிற வீட்டு அம்மாவுக்கு நீங்கள் வாழ்த்துச் சொல்வதானால் இன்னும் கவனம் வேண்டும்.

ஆகவே முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை இத்தாலி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் நிற்கும். மற்ற மாதங்களில் மூன்றரை மணி நேரம். அங்கே நள்ளிரவாகும்போது இங்கே அதிகாலை 4.30 அல்லது 3.30. அவ்வளவு நேரம் விழித்திருக்கத் தேவையில்லை. நாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் 12.30 மணி குளிர்காலத்தில் அவர்களுக்குக் காலை 8 மணி, கோடையில் 9 மணி. வேலைக்குப் போகிறவர்கள் அந்நேரம் கோலை எடுக்க முடியாமல் இருக்கலாம். அவர்களுக்குக் குரல்பதிவு அனுப்பினால் போதும்.

சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. 'ப்வொன் கொம்ப்ளெஅன்னோ' என்பது பிறந்தநாளுக்கு மட்டும் உரியது. 'தான்தி ஔகூரி' என்பது நல்வாழ்த்துகள் என்ற பொதுச் சொல். கலியாணம், நத்தார், புது வேலை எதற்கும் அதைச் சொல்லலாம், பிறந்தநாளுக்கும் அதையே அதிகம் கேட்பீர்கள். அவசரத்தில் 'ஔகூரி!' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினாலும் குறையில்லை. ஆங்கிலத்தை மனதில் வைத்து 'ஃபெலீச்சே கொம்ப்ளெஅன்னோ' என்பவர்களும் உண்டு. விளங்கும், ஆனால் வாய்க்குப் பழகிய வழக்கு 'ப்வொன்'தான்.

உச்சரிப்பில்தான் நாம் தடுக்கி விழுவோம். தமிழில் மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் தானாகவே மெலிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் 'தான்தி'யைப் பந்தியில் வரும் தி போலச் சொல்லிவிடுகிறோம். அது பத்தியில் வரும் தி போல அழுத்தமாக ஒலிக்க வேண்டும். 'கொம்ப்ளெ'யிலும் அதே சிக்கல்: ம் முடிந்ததும் உதட்டை இறுக்கி, அப்பாவில் வரும் ப் ஒலியைக் கொண்டுவாருங்கள். அம்பில் வரும் ஒலி அங்கே கூடாது. நாப்போலிப் பக்கத்தவர் பேச்சில் ந் பின்னால் தகரம் மெலிவதுண்டு. அங்கே இருக்கிற உறவினர் அப்படிச் சொல்லக் கேட்டிருந்தால் அது பிழையல்ல, ஊர் வழக்கு. எங்கும் செல்லுபடியாக வேண்டுமானால் அழுத்தமான தகரத்தையே பழகுங்கள். ஆங்கிலத்தில் வாசிக்கிற பழக்கத்தில் 'டான்டி' என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். இத்தாலியத் தகரம் நம் தகரத்தைப் போலப் பல்லில் நாக்குப்படும் ஒலிதான்.

'ஔகூரி'யின் தொடக்கம் ஔவையாரின் ஔ. அழுத்தம் நடுவிலுள்ள கூவில். அந்தக் கூவைத் தங்கத்தில் வரும் ககரம்போலச் சொல்லுங்கள். 'ஔஹூரி' என்று மூச்சாகப் போய்விடக் கூடாது. 'ப்வொன்' ஒரே அசை, அதன் முதல் ஒலி பஸ் என்னும்போது வருவது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான 'அன்னோ'. நம் அன்னத்தில் வருவதுபோல முன்னுள்ள அ குறிலாக, ன் இரட்டித்து வர வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த இரட்டிப்பில் திணறுவார்கள். மனமும் மன்னனும் வேறென்று சிறுவயதிலிருந்தே பிரித்துச் சொல்லும் நமக்கு அது கைவந்த வேலை. அன்னோ என்றால் ஆண்டு. ஒற்றை னகரத்தோடு 'ஆனோ' என்றால் மலவாய். வயது கேட்கும் 'க்வான்தி அன்னி ஆய்?' என்ற கேள்வியில் இது சறுக்கினால் மேசையில் இருக்கிற எல்லோரும் சிரிப்பார்கள். ப்ளெயும் அன்னும் இரண்டு தனி அசைகள். அவற்றைச் சேர்த்துப் 'ப்ளியானோ' ஆக்காதீர்கள். கொம், ப்ளெ, அன், னோ என்று நாலாகப் பிரித்து நாலைந்து தரம் மெதுவாகச் சொன்னால் வாயில் படிந்துவிடும்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கேயும் உண்டு. பிள்ளைகளுக்கும் நண்பர்களுக்கும் 'தி ஔகுரோ உன் ப்வொன் கொம்ப்ளெஅன்னோ', வேலை கொடுத்தவருக்கும் அறிமுகமில்லாத மூத்தவர்களுக்கும் 'லெ ஔகுரோ உன் ப்வொன் கொம்ப்ளெஅன்னோ'. 'ஔகுரோ' வினைச்சொல் என்பதால் அழுத்தம் ஔவுக்கு மாறிவிடும், குவை நீட்டக் கூடாது. இது நினைவில் நிற்காவிட்டால் 'தான்தி ஔகூரி, ஸிஞ்ஞோரா' என்று சொல்லுங்கள். மரியாதைக்கு மரியாதை, பிழைக்கும் இடமில்லை. ஸிஞ்ஞோராவில் இருப்பது நம் ஞகரமே. ஆணென்றால் ஸிஞ்ஞோர் என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்க்க வேண்டும். நெருக்கமான மூத்தவர்களுக்கு 'ஔகூரி தி க்வோரெ', அதாவது மனமார்ந்த வாழ்த்து, மிகவும் பொருந்தும். இதிலும் அடுத்த வாழ்த்திலும் தனியாக நிற்கும் 'தி', பந்தியில் வரும் மெல்லிய தி. 'ச்சென்தோ தி க்வெஸ்தி ஜோர்னி' என்பது இப்படி நூறு நாள்கள் வரட்டும் என்ற வாழ்த்து. நம் நூறாண்டு வாழ்கவுக்கு நிகரானது. தொண்ணூறைத் தாண்டியவரிடம் நூறு என்று கணக்குச் சொல்லாமல் விடுவதே நல்லது.

பாட்டுக்கு ஹாப்பி பர்த்டே மெட்டேதான். 'தான்தி ஔகூரி ஆ தே' என்பதை ஆறு அசையாக அடக்க வேண்டும்: தான், தியௌ, கூ, ரி, ஆ, தே. இரண்டாவது அசையில் தியும் ஔவும் ஒட்டிக்கொள்ளும், பர்த் விழும் இடத்தில் கூ விழும். தியையும் ஔவையும் பிரித்துப் பாடினால் ஓர் அசை மிஞ்சி மெட்டு இழுபடும். மூன்றாவது வரியில் தேயின் இடத்தில் பெயர் வரும். பெயர் அகரத்திலோ ஆகாரத்திலோ தொடங்கினால் ஆ என்பதை 'ஆத்' ஆக்கலாம்: தான்தி ஔகூரி ஆத் ஆர்த்தி. அந்தத் த் மெல்லியது.

விடுமுறைக்கு வந்திருக்கிற பிள்ளைக்குக் கொழும்பில் கேக் ஓடர் பண்ணுகிறீர்கள் என்றால் வாயால் சொல்லாமல் கடுதாசியில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். முதற்சொல் பி, யு, ஓ, என். அதன் பின்னால் இன்னொரு ஓ போட்டால் பிழை. அடுத்தது சி, ஓ, எம், பி, எல், இ, ஏ, என், என், ஓ. ஒரு என் விடுபட்டால் நடப்பது மேலே சொன்னதுதான், அதுவும் ஐசிங்கில் எல்லோர் கண்ணிலும் படும்படி. கேக் சின்னதாக இருந்தால் ஔகூரி மட்டும் போதும்: ஏ, யு, ஜி, யு, ஆர், ஐ. கடைசி எழுத்து வை அல்ல.

நாள் தவறிப்போனால் கவலை வேண்டாம். முந்தி வாழ்த்துவதுதான் ஆகாது, பிந்தி வாழ்த்தலாம். 'ஔகூரி இன் ரிதார்தோ' என்றால் தாமதமான வாழ்த்து. கூடவே உரிமையுள்ளவரிடம் 'ஸ்கூஸா இல் ரிதார்தோ', மரியாதைக்குரியவரிடம் 'ஸ்கூஸி இல் ரிதார்தோ' என்று மன்னிப்பும் கேளுங்கள். அவர் 'க்ராத்ஸியெ' என்று நன்றி சொன்னால் 'ப்ரெகோ' என்பது பதில்.

இங்கிருந்தபடி இணையத்தில் பூச்செண்டு அனுப்புகிறவர்கள் செவ்வந்தியைத் தவிர்த்துவிடுங்கள். நமக்கு அது பூசைப் பூ. இத்தாலியில் நவம்பர் 2 ஆம் திகதி கல்லறைக்குக் கொண்டுபோகிற பூ.

பெயர்த் திருநாள் என்று ஒன்றும் இருக்கிறது. தங்கள் பெயருக்குரிய புனிதரின் நாளை, குறிப்பாகத் தெற்கு இத்தாலியில், மூத்தவர்கள் இன்னும் கொண்டாடுவார்கள். அதற்கு 'ப்வொன் ஓனோமாஸ்திகோ' என்று வாழ்த்த வேண்டும், அழுத்தம் மாவில். அந்தோனியோ என்ற பெயருள்ளவருக்குப் பெரும்பாலும் அது ஜூன் 13. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திருநாளும் அதே நாளில் என்பதால் கொழும்புக்காரருக்கு மறக்காது. யோசேப்பின் பெயரான ஜூசெப்பேக்கு மார்ச் 19. அன்று இத்தாலியில் தந்தையர் நாளும்கூட, ஆகவே பிள்ளைகள் உள்ள ஜூசெப்பே என்றால் 'ஔகூரி' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் சேரும்.