ஸ்டோரேஜ் ஹீட்டர் சூடாகவில்லையா? முதலில் மீட்டரைப் பாருங்கள்

பிரிட்டனில் காஸ் இணைப்பு இல்லாத ஃபிளாட்டுக்குக் குடிபோனால் அநேகமாக ஸ்டோரேஜ் ஹீட்டர் என்ற இந்தப் பெட்டி இருக்கும். ராத்திரி கரண்டில் சூட்டைச் சேமித்துப் பகலில் தருவது இதன் வேலை. சுவரை ஒட்டி, அகலமாக, நகர்த்தவே முடியாத கனத்தில் நிற்கும். எங்கள் முதல் குளிர்காலத்தில் அது ஒருநாள் சில்லென்று ஆகிவிட்டது. ஹீட்டர் போய்விட்டது என்றே நினைத்தோம். இரண்டு வாரம் அம்மாவும் குழந்தையும் கம்பளிக்குள் முடங்கிக் கிடந்தார்கள். கடைசியில் வந்த எலெக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, "இதில் கோளாறே இல்லை. ராத்திரி இதற்குக் கரண்ட் வருகிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். வரவில்லை. மீட்டர் பக்கத்தில்தான் கோளாறு. ஒரே ஒரு இரவு மீட்டர் முன்னால் நின்றிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்தச் சோதனையைத்தான் இங்கே சொல்லித்தரப் போகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது?

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் வெகுநேரம் சூடாக இருக்கும் இல்லையா, அதே சங்கதிதான். பெட்டிக்குள் அடர்த்தியான செங்கற்கள், அவற்றுக்கு நடுவே மின்கம்பிச் சுருள். கரண்ட் மலிவாக இருக்கும் இரவு நேரத்தில் கற்கள் பல நூறு டிகிரிக்குக் காயும். பகல் முழுக்க அந்தச் சூட்டை மெல்ல மெல்ல வெளியே விடும். 1978-ல் வந்த எக்கானமி 7 கட்டணத் திட்டம் இதற்கு வசதியாக அமைந்தது. இரவில் 7 மணி நேரம் குறைந்த விலை, மற்ற நேரத்துக்குக் கூடுதல் விலை.

முதல் படி: குமிழ்களும் சுவிட்சுகளும்

பழைய மாடல்களில் மேலே திருகிக் கூட்டிக் குறைக்கும் இரண்டு குமிழ்கள் இருக்கும். 'இன்புட்' என்பது இன்று இரவு எவ்வளவு சூட்டைச் சேமிக்க வேண்டும் என்பதற்கு. குளிருகிறதே என்று மத்தியானம் அதைக் கூட்டினால் ஒன்றும் நடக்காது, பலன் மறுநாள்தான். 'அவுட்புட்' உள்ளே இருக்கும் மூடியைத் திறந்து சூட்டை வெளியே விடுவது. படுக்கப் போகும்போது அதைக் குறைத்துவிடுங்கள். "சாயங்காலமே ஆறிப்போகிறது" என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் அவுட்புட் ராத்திரி முழுக்கத் திறந்தே கிடக்கும்.

அப்புறம் ஹீட்டர் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். சில வீடுகளில் இரண்டு சுவிட்சுகள் இருக்கும். ஒன்று இரவு கரண்டுக்கு, இன்னொன்று 24 மணி நேரமும் வருவது. கோடையில் யாராவது இரவு சுவிட்சை அணைத்துவிட்டு மறந்திருக்கலாம். ஸ்டோரேஜ் ஹீட்டர்களுக்கென்று தனி ஃபியூஸ் பெட்டி இருந்தால் அதையும் பாருங்கள்.

இரண்டாம் படி: ஒன்றா, எல்லாமா?

ஒரு ஹீட்டர் மட்டும் ஆறியிருந்தால் கோளாறு அநேகமாக அந்த ஹீட்டரில். எல்லாமே ஒரே நாளில் ஆறியிருந்தால், இரவில் கொதிக்க வேண்டிய வெந்நீர்த் தொட்டியும் பச்சைத் தண்ணீராக இருந்தால், சந்தேகம் மீட்டர் மேல்தான் விழ வேண்டும்.

மூன்றாம் படி: இரவுச் சோதனை

மலிவு நேரம் எப்போது தொடங்குகிறது என்று முதலில் மின் நிறுவனத்திடம் கேளுங்கள். ஊருக்கு ஊர், மீட்டருக்கு மீட்டர் அது மாறும். ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுவார்கள்: நிறைய மீட்டர்கள் வருடம் முழுக்க கிரீன்விச் நேரத்திலேயே ஓடும். இரவு 12.30 என்று சொன்னால் கோடையில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் நம் கடிகாரப்படி அது 1.30.

தூங்கப் போகும் முன் இன்புட்டை முழுதாகக் கூட்டிவிட்டு, மீட்டரில் உள்ள இரண்டு எண்களையும் போட்டோ எடுங்கள். ஒன்று பகல் கணக்கு, இன்னொன்று இரவுக் கணக்கு. மலிவு நேரம் தொடங்கும்போது அலாரம் வைத்து எழுந்து மீட்டர் பக்கத்தில் நில்லுங்கள். பழைய மீட்டர்களில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மீட்டர் முகப்பில் மினுக்கும் சின்ன சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு 1000 மினுக்கு என்று மீட்டரில் போட்டிருந்தால், 3.4 கிலோவாட் ஹீட்டர் ஒன்று ஓடும்போது கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு தடவை மினுக்கும். இரண்டு ஓடினால் நொடிக்கு இரண்டு. அரைமணி கழித்து மறுபடி போட்டோ. ஆறிக்கிடந்த இரண்டு ஹீட்டர்கள் அரைமணியில் சுமார் 3.4 யூனிட் இழுத்திருக்க வேண்டும்.

இரவுக் கணக்கு அந்த அளவுக்கு ஏறியிருந்தால் மீட்டர் சரி. ஒன்றுமே ஏறவில்லை, விளக்கும் சோம்பலாக மினுக்குகிறது என்றால் ஹீட்டர் லைனுக்குக் கரண்ட் திறந்துவிடப்படவில்லை. மூன்றாவது சாத்தியம்தான் மோசமானது. ஹீட்டர் சூடாகும், ஆனால் பகல் கணக்கு ஏறும். வீடு கதகதப்பாக இருப்பதால் பில் வரும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். நேரம் தப்பிப்போயிருக்கலாம், இரண்டு கணக்கும் இடம் மாறியிருக்கலாம். அதனால் ஹீட்டர் நன்றாகச் சுட்டாலும் இந்தச் சோதனையை ஒரு தடவை செய்துவிடுங்கள்.

ஏன் திடீரென்று இப்படி?

இரவு கரண்டைப் போட்டு அணைப்பது பழைய டைம் சுவிட்ச் என்றால் கரண்ட் கட்டான பிறகு அதன் கடிகாரம் பின்தங்கிவிடும். இன்னொரு வகை ரேடியோ டெலிசுவிட்ச். பிபிசி ரேடியோ 4-இன் நெடு அலையில், 198 கிலோஹெர்ட்ஸில், பாட்டோடும் பேச்சோடும் கலந்து வந்த சமிக்ஞையைக் கேட்டு அது ஹீட்டரைப் போட்டு அணைத்து வந்தது. அந்தச் சேவையை 2025 ஜூன் 30-லிருந்து படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். சமிக்ஞை நின்ற வீட்டில் ஹீட்டர் ஓயாமல் ஓடலாம், ஓடாமலே கிடக்கலாம், தப்பான நேரத்தில் ஓடலாம். உங்கள் மீட்டருக்குப் பக்கத்தில் 'ரேடியோ டெலிசுவிட்ச்' என்று எழுதிய தனிக் கறுப்புப் பெட்டி இருந்தால், இப்போது நன்றாக ஓடினாலும் மின் நிறுவனத்துக்குச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

கை வைக்கக் கூடாதவை

மீட்டரின் சீலை உடைக்காதீர்கள். ஹீட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கற்கள் பல மணி நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். 1970-களின் நடுப்பகுதிக்கு முந்தைய சில ஹீட்டர்களில் ஆஸ்பெஸ்டாஸும் உண்டு. மேலே ஈரத்துணி காயப்போடவே வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் ஒருபக்கம். அந்த மறைப்பில் சூடு மிஞ்சி, கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கட்-அவுட் விழுந்து, நல்ல ஹீட்டரும் நின்றுபோகும்.

யாரைக் கூப்பிடுவது?

மீட்டரும் டைம் சுவிட்சும் மின் நிறுவனத்தின் பொறுப்பு. "ஹீட்டர் வேலை செய்யவில்லை" என்று சொன்னால் எலெக்ட்ரீஷியனைப் பாருங்கள் என்று வைத்துவிடுவார்கள். "மலிவு நேரத்தில் ஹீட்டர் லைனுக்குக் கரண்ட் வரவில்லை, இத்தனை மணிக்கு எடுத்த போட்டோ இருக்கிறது" என்று சொல்லுங்கள். வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், முன்னுரிமைப் பட்டியலில் சேர்ப்பார்கள். கோளாறு ஹீட்டரில் என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகை வீட்டின் வெப்ப சாதனங்களைப் பழுதுபார்ப்பது பொதுவாக வீட்டு உரிமையாளரின் கடமை. இங்கிலாந்தில் 1985-ஆம் வருட வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது, வேல்ஸில் அதற்குத் தனிச் சட்டம் உண்டு. தயங்காமல் எழுத்தில் கேளுங்கள்.

புது மீட்டர் மாட்டிவிட்டுப் போனார்களா? அன்று இரவே மறுபடி அலாரம் வைத்து எழுந்து, அதே இரண்டு போட்டோக்களை எடுத்துவிடுங்கள்.