பிழை நாணயமா, பழுதுபட்ட நாணயமா? சேகரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்கத்துக்கு மாறான ஒரு நாணயம் கையில் கிடைத்ததும் அதைப் பிழை நாணயம், அதாவது நாணயச் சாலையிலேயே தவறாக உருவானது, என்று முடிவுகட்டி, அதற்குரிய பெயரைத் தேடத் தொடங்குவதே நான் மிக அதிகமாகக் காணும் தவறு. உலோகத் தகட்டிலிருந்து உருவம் பதியாத வெற்று வில்லை வெட்டப்பட்டு, விளிம்பு எழுப்பப்பட்டு, ஒரு வளையத்துக்குள் இரண்டு அச்சுகளுக்கு இடையே அழுத்தப்பட்டு நாணயம் உருவாகிறது. இந்த வழியில் எந்தக் கட்டத்தில் அம்மாற்றம் நேர்ந்திருக்கும் என்று விளக்க முடியாவிட்டால், அது பெரும்பாலும் நாணயச் சாலையை விட்டு வெளியேறிய பின் ஏற்பட்ட பழுதாகவே இருக்கும்.

மேடு, பள்ளம் பார்க்கும் சோதனையைத்தான் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வேன். அச்சில் விழுந்த கீறலும் விரிசலும் பள்ளமானவை என்பதால் அவற்றுள் உலோகம் புகுந்து, நாணயத்தில் மேடான கோடாக எழும். மாறாக, பள்ளமாக ஓடி, இரு ஓரங்களிலும் உலோகம் ஒதுங்கி நிற்கும் கோடு பின்னால் விழுந்த கீறல். ஒரு பக்க வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மேடும் பள்ளமும் இடம் மாறித் தோன்றக்கூடும். ஆகவே படத்தை மட்டும் நம்பாமல், நாணயத்தையே விளக்கின் கீழ் மெல்லச் சுழற்றி, 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும்.

எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தாலே இரட்டை அச்சு என்று கொள்வது அடுத்த தவறு. ஏமாற்றம் அதிகம் விளைவதும் இதில்தான். மூல அச்சிலிருந்து, நாணயத்தை அடிக்கும் வேலை அச்சை உருவாக்கப் பழைய முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாம் அழுத்தம் சற்றே விலகிவிட்டால், இரட்டை உருவம் அச்சிலேயே பதிந்து, அந்த அச்சில் அடித்த எல்லா நாணயங்களிலும் ஒரே மாதிரியாக வரும். அதனால்தான் அதை ஒற்றைப் பிழை என்னாமல் அச்சு வேறுபாடு என்கிறோம். 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்கள் சிலவற்றில் இதை வெறுங்கண்ணாலேயே காணலாம். இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டிருக்கும். எழுத்தின் முனைகளில் பிளவு தெரியும். தளர்ந்த அச்சு, அடிக்கும் நொடியில் அசைந்து உண்டாக்கும் இயந்திர இரட்டிப்போ எழுத்தின் ஓரத்தைத் தட்டையான படிபோல் நசுக்கி, எழுத்தையே மெலியச் செய்துவிடும். இதற்குச் சேகரிப்பு மதிப்பு மிகக் குறைவு.

வில்லை வெட்டப்படும்போதே ஓரம் பிறைபோல் குறைந்துபோன நாணயத்தில், அந்தக் குறைக்கு நேர் எதிரே உள்ள விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். ஏனெனில், விளிம்பு எழுப்பும் கருவியில் அவ்விடத்துக்குப் போதிய அழுத்தம் கிடைப்பதில்லை. பிற்பாடு வெட்டிய நாணயத்தில் இந்த மங்கலைக் காண இயலாது. அதேபோல், துணி உலர்த்தும் இயந்திரத்தில் நெடுநாள் சிக்கிச் சுழன்ற நாணயத்தின் விளிம்பு தடித்து உட்புறம் மடிந்திருக்கும். அதையும் அச்சடிப்புப் பிழையாக எண்ணிவிடக் கூடாது.

எடை பார்க்காமல் உலோகத்தைப் பற்றிப் பேசுவதும் தவறு. 1943இல் அமெரிக்கா பெரும்பாலும் துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தது. மிக அரிதாகச் சில மட்டும் வெண்கல வில்லையில் வந்தன. வெண்கலம்போல் தோன்றத் தாமிர முலாம் பூசிய எஃகு நாணயத்தைக் காந்தம் ஈர்க்கும், வெண்கலத்தை ஈர்க்காது. எடையும் முறையே 2.7 கிராம், 3.11 கிராம் என வேறுபடுவதால், 0.01 கிராம் வரை காட்டும் தராசு இன்றியமையாதது.

இறுதியாக, தெளிவாகப் பார்க்கும் ஆசையில் நாணயத்தைத் தேய்த்தோ அமிலத்தில் இட்டோ துலக்கக் கூடாது. அமிலம் எழுத்துகளை மெலித்து எடையையும் குறைத்துவிடும். அதன்பின் அந்த மெலிவு வில்லையிலேயே இருந்ததா, துலக்கியதால் வந்ததா என்று பிரித்தறிவது மிகக் கடினம்.