கசியும் பிரேக் ஹோஸை மாற்றுவது எப்படி

பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸில் கசிவு என்றதும் ஒட்டுப்போட முடியுமா என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். முடியாது. டேப் சுற்றினாலும், கிளாம்ப் போட்டு இறுக்கினாலும், கசியும் இடத்தை வெட்டி நடுவில் குழாய் செருகினாலும் நிற்காது. பெடலை ஓங்கி மிதித்தால் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட 30 மடங்குக்கு மேலான அழுத்தம் அந்த ரப்பருக்குள் ஏறுகிறது. மாற்றுவது ஒன்றுதான் வழி. மாற்றும் வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள், உதிரி வாங்கிவரக்கூட. மிகப் பழைய கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்றுதான்; ஒரு ஹோஸ் வெடித்தால் கால் பிரேக் முழுவதும் போய்விடும்.

முதலில் கசிவது ஹோஸ்தானா என்று பாருங்கள். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் காரணம் காலிப்பரின் (டிஸ்க் பிரேக்கில் பேடை அழுத்தும் பகுதி) சீலாக இருக்கலாம், டிரம் பிரேக் என்றால் அதே வேலையைச் செய்யும் வீல் சிலிண்டராக இருக்கலாம், சேஸிஸ் ஓரமாக ஓடும் இரும்புக் குழாயாகவும் இருக்கலாம். அந்தப் பகுதியை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஒருவரைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே முதலில் திரள்கிறதோ அதுதான் இடம். கீழே தொங்கும் சொட்டை நம்பாதீர்கள், அது எங்கிருந்தோ வழிந்து வந்தது.

கசியாத ஹோஸிலும் கேடு இருக்கும். வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரிவது, மிதிக்கும்போது ஓரிடம் புடைப்பது இரண்டுமே மாற்றுவதற்குப் போதுமான காரணம். வெளியே தெரியாத கோளாறு இன்னொன்று உண்டு. உள்சுவர் உப்பி அடைத்துக்கொண்டால் ஆயில் போகும், திரும்பாது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் மட்டும் பிடித்தபடியே இருக்கும். பலர் நல்ல காலிப்பரைக் கழற்றி எறிந்த பிறகுதான் ஹோஸைச் சந்தேகப்படுகிறார்கள்.

இடது ஹோஸ் போயிருந்தால் வலதுக்கும் அதே வயதுதான், ஜோடியாகவே வாங்குங்கள். பழைய கார்களில் மரைதான் வம்பு. 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையும், அங்குலத்துக்கு 24 சுற்று கொண்ட 3/8 அங்குல மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அங்குல நட் மெட்ரிக் துளைக்குள் தொளதொளவென்று ஏறவும் செய்யும். ஏறிவிட்டதே என்று திருப்திப்படாதீர்கள், அழுத்தம் வரும்போது அந்தப் பிடி நிற்காது. சரியான மரை கையாலேயே சில சுற்றுகள் ஆட்டமில்லாமல் ஏறும். காலிப்பர் பக்கம் பேன்ஜோ போல்ட் (ஆயில் போக நடுவில் துளையுள்ள போல்ட்) இருந்தால் புதிய செப்பு வாஷர்களும் தேவை. ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி ஒழுங்காக அடைக்காது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை நீட்டக்கூடாது. அடுத்து, பெடலை ஓரளவு அழுத்திய நிலையில் ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்துவிட்டால், மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் இறங்கும் துளை மூடிக்கொள்ளும். ஹோஸைக் கழற்றும்போது அதன் மேலுள்ள ஆயில் டப்பா காலியாகாது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்குமாதலால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

இனி வேலை முழுவதும் ஒரே நட்டில்தான் இருக்கிறது. இரும்புக் குழாய் ஹோஸைச் சந்திக்கும் இடத்தில், பிராக்கெட்டை ஒட்டி இருக்கும் சின்ன நட். பல மழைக்காலத்துச் சேறும் துருவும் அதில்தான் படிந்திருக்கும். முந்தின நாளே கம்பி பிரஷால் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் இரண்டு முகங்களை மட்டுமே பிடித்து முனைகளை வழித்துவிடும். குழாய் நுழைய ஒரு வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் இதற்கென்றே கிடைக்கிறது. அதை வாங்குவதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இன்னொரு ஸ்பேனரால் ஹோஸின் முனையைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். அப்போது கண் நட்டில் இருக்கக்கூடாது, குழாயில் இருக்கவேண்டும். நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் முறுகினால் குழாயும் போய்விடும்.

அப்படி மாட்டிக்கொண்டால் நான் செய்வது இதுதான்: பழைய ஹோஸ் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது, அதன் ரப்பரை வெட்டிவிடுகிறேன். ஹோஸைப் பிராக்கெட்டில் பிடித்திருக்கும் கிளிப்பை உருவிவிட்டு, நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு ஹோஸின் முனையைத் திருப்பினால் கழன்று வந்துவிடும். பிறகு எண்ணெய் விட்டு, நட்டை முன்னும் பின்னும் ஆட்டிக் குழாயின் மேல் தனியாகச் சுழல வைக்கலாம். சுழல மறுத்தால் அந்தக் குழாயையும் மாற்றியே ஆகவேண்டும்.

புதியதைப் பூட்டும்போது, காலிப்பருக்குள் நேராக மரையேறும் வகை என்றால் அந்த முனையை முதலில் இறுக்குங்கள். மேல் முனையை முதலில் பூட்டினால் ஹோஸ் முறுகிக்கொள்ளும். பல ஹோஸ்களில் நீளவாக்கில் ஒரு கோடு இருக்கும், அது நேராக ஓடவேண்டும். கிளிப்பைச் செருகி நட்டை இறுக்கிய பின், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஹோஸ் டயரிலோ வேறெதிலோ உரசுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஏர் எடுப்பது, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது. முட்டுக்குச்சியை எடுத்துவிடுங்கள். ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 3, டாட் 4 என்று எந்த ஆயில் ரகம் எழுதியிருக்கிறதோ அதையே, புதிதாகப் பிரித்த டின்னிலிருந்து ஊற்றுங்கள். திறந்து வைத்த ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலிப்பரிலோ வீல் சிலிண்டரிலோ காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, நீங்கள் நிப்பிளைத் திறக்க, மூடிய பிறகே அவர் காலை எடுக்கவேண்டும். குமிழி நிற்கும் வரை இதுதான். நடுவே டப்பா வற்றினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பழைய காரில் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பெடல் தரைவரை போனால், மாஸ்டர் சிலிண்டரின் சீல் இதுவரை உரசாத துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழியும். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பேட்டரியைத் திரும்ப இணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கசிவோ மாஸ்டர் சிலிண்டர் கோளாறோ இருக்கிறது. ஸ்பஞ்சுபோல் அமுங்கினால் காற்று மிச்சமிருக்கிறது. கெட்டியாக நின்றால் ஆளில்லாத இடத்தில் நடைவேகத்தில் சில முறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு இணைப்புகளையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால் வண்டி மறுபடியும் ஸ்டாண்டில் ஏறவேண்டியதுதான்.