மேட்டில் மிஸ் அடிக்கும் சிஎன்ஜி பிக்கப்: கேஸா, காயிலா, பிளக்கா?

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு அரிசி, வெங்காயம் ஏற்றிப் போய், திரும்பும்போது கேரட் ஏற்றி வருவதுதான் என் பிழைப்பு. வண்டி நாலு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப். சிஎன்ஜியும் உண்டு.

போன ஐப்பசி மழையில், கல்லாறு தாண்டி மேடு ஏறியதும் வண்டி குலுங்கியது, இழுவை போய்விட்டது. சிலிண்டருக்குள் எரிபொருள் சரியாக எரியாமல் போகும் இதைத்தான் மிஸ் அடிப்பது என்கிறோம். சுவிட்சைத் தட்டி பெட்ரோலுக்கு மாற்றினேன், ஓரளவு சரியானது. அப்படியென்றால் கேஸ் கோளாறுதான் என்று ஒர்க்‌ஷாப்பில் கேஸ் ஃபில்டரை மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் அதே மேட்டில் அதே குலுக்கல்.

நம் ஆட்கள் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது பிளக், அதற்கு வேண்டிய வோல்டேஜைத் தருவது காயில். பெட்ரோலைவிட கேஸ் கலவையில் பிளக் நுனியில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். லோடோடு மேட்டில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாண்டுவது இன்னும் கடினம். அதனால் தேய்ந்த பிளக்கும் சோர்ந்த காயிலும் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில்தான் காட்டிக்கொடுக்கும். கேஸில் மட்டும் மிஸ் ஆனால் முதலில் பொறியைப் பாருங்கள், பிறகு கேஸ் லைனுக்குப் போங்கள். பெட்ரோலில் மட்டும் மிஸ் ஆனால் பெட்ரோல் இன்ஜெக்டர், பம்ப் பக்கம் போகலாம்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் ஓரங்கட்டுங்கள். எரியாத எரிபொருள், புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். பிளக்கின் விலைக்கும் அதன் விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறைப் படிக்க, போனோடு ப்ளூடூத்தில் சேரும் ஓபிடி கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் கோடு, அதாவது கோளாறு எண், வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நான்காவது. பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் மாறி மாறி மிஸ் ஆகிறது. அப்போது பேட்டரி, எர்த் வயர், காற்று லீக் மாதிரி எல்லா சிலிண்டருக்கும் பொதுவானதைப் பாருங்கள். பேட்டரி இன்ஜின் நின்றிருக்கும்போது சுமார் 12.5 வோல்ட், ஓடும்போது சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும்.

எனக்கு வந்தது பி0303. சாவியை எடுத்து, இன்ஜினை ஆறவிட்டு, மூன்றாவது காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டேன். முதலாவதை மூன்றாவதில். கோடை அழித்துவிட்டு அதே மேட்டில் ஓட்டினேன். கோடு பி0301 ஆக மாறியிருந்தால் காயில்தான் குற்றவாளி என்று முடிவாகியிருக்கும். மாறவில்லை. அடுத்து பிளக்கை இடம் மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. இன்ஜின் ஓடும்போது காயிலை உருவிப் பார்க்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட்.

மூன்றாவது பிளக்கைக் கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது. வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சிலால் கீறியது போல ஒரு கறுப்புக் கோடு. பொறி நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் எர்த்துக்கு ஓடிய தடம் அது. பிளக் குழிக்குள் லேசாகத் தண்ணீரும் இருந்தது. மழையும் பிரஷர் வாஷும் சேர்ந்து இறக்கியது.

புது பிளக் போட்டேன், பத்து நாள் நன்றாக ஓடி மறுபடியும் மிஸ். ஒரு பாடம் அப்போதுதான் புரிந்தது. காயிலின் அடியில், பிளக்கின் மேல் மாட்டும் ரப்பர் உறையின் (பூட்) உள்ளேயும் அதே கறுப்புத் தடம் இருந்தது. காயிலை மாற்றியும் கோடு மூன்றாவது சிலிண்டரிலேயே நின்றால், இடமாற்றச் சோதனையில் பிளக் மட்டும்தான் மாட்டும். என் விஷயத்தில் சோதனை முடிந்து காயிலைப் பழைய இடத்தில் போட்டபோது, தடம் பட்ட உறை புது பிளக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. தடம் கண்டால் அந்த உறையையும் சேர்த்து மாற்றுங்கள். குழியில் காற்றடித்துத் துடைத்த பிறகே பிளக்கைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் மண் சிலிண்டருக்குள் விழும். புது பிளக்கை முதலில் கையாலேயே மரை ஏற்றுங்கள். இடைவெளி கம்பெனி சொன்ன அளவில் இருக்கட்டும். இரிடியம் நுனியைத் தட்டி வளைக்காதீர்கள்.

காயில், பிளக் இரண்டும் இடம் மாறியும் கோடு மாறவில்லையென்றால் வயரைச் செருகும் கப்ளரில் பச்சை பூத்திருக்கிறதா, வயர் நைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்ஜெக்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் குலுங்கி, சூடானதும் சரியாகிறதா? வால்வு இடைவெளியும் கம்ப்ரஷனும் அளக்கச் சொல்லுங்கள். கேஸில் நிறைய ஓடிய வண்டியில் வால்வு சீட் தேய்வது உண்டு.

சரி செய்த பிறகு காலி வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வழக்கமான லோடை ஏற்றி, கேஸிலேயே, மிஸ் ஆன அதே மேட்டில் ஏற்றுங்கள். நான் பர்லியாறு வரை ஏறி, அங்கே நிறுத்தி, ஓபிடியில் கோடு எதுவும் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் டீ குடித்தேன்.