கிட்டாரில் வேகம் எங்கே உடைகிறது: பிக்கிங் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் கிட்டார் வாசிக்கிற பையன்களுக்கு மேடைக்குப் பஞ்சமே கிடையாது. ஞாயிறு ஆராதனை, கன்வென்ஷன் கூட்டம், டிசம்பர் முழுக்க கேரல் ரவுண்ட்ஸ், கல்யாண வரவேற்பு, கேரள எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் திருவிழா கானமேளா. கார்டு பிடித்து ஸ்ட்ரம் பண்ணுகிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போகும். பாட்டுக்கு நடுவில் லீடு (ஒவ்வொரு சுரமாகத் தட்டி வாசிக்கிற மெட்டு) வாசிக்கச் சொல்லி, அதில் வேகமாக ஓடுகிற ஒரு துண்டு வந்துவிட்டால்தான் கை இறுகும், சத்தம் குழறும், கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். "அண்ணே, தெனமும் ரெண்டு மணிக்கூர் பிராக்டீஸ் பண்ணுதேன், ஸ்பீடு மட்டும் வரமாட்டேங்கு" என்று கேட்கிற தம்பிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "இன்னும் மெதுவா வாசிச்சுப் பழகு மக்கா" என்பது. அது பாதிதான் சரி.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். போனில் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டுகிற ஆப்) நிமிடத்துக்கு 120 பீட்டில் வைத்து, இடது கையை ஃப்ரெட்டில் (கழுத்தில் இருக்கிற உலோகக் கட்டுகளில்) வைக்காமல், மூன்றாம் கம்பியை (மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி) மட்டும் ஒரு பீட்டுக்கு நான்கு தட்டு வீதம் மேலும் கீழுமாகத் தட்டுங்கள். கணக்குப்படி நொடிக்கு 8 தட்டு. கொஞ்ச காலம் வாசித்தவர்களில் பலருக்கும் இது சில நொடிகளாவது வந்துவிடும். அப்படி வந்தால் வேகம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. பிறகு ஏன் ஸ்கேல் வாசிக்கையில் 90-லேயே தடுக்குகிறது? ஸ்கேலில் கம்பி மாற வேண்டியிருக்கிறது, அதனால்தான். வேகம் உடைகிற இடம் பெரும்பாலும் அதுதான். கைக்கு வேகம் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒரே கம்பியில் மணிக்கணக்காகத் தேய்ப்பதும், 1-2-3-4 என்று விரல் வைத்து எல்லாக் கம்பியிலும் யோசிக்காமல் ஏறி இறங்குவதும் பெரிய தவறு என்று நான் சொல்வது இதனால்தான்.

கம்பி மாறும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிக் (கம்பியைத் தட்டுகிற சின்னத் தகடு) போகிற பாதை கிட்டாரின் முகப்புக்கு முழுக்க இணையாக இருந்தால், டவுன் (கீழ்நோக்கி) அடித்து முடித்தாலும் அப் (மேல்நோக்கி) அடித்து முடித்தாலும் பிக் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் சிக்கித்தான் நிற்கும். அடுத்த கம்பிக்குப் போக வேண்டுமானால் அதைத் தனியாக ஒருமுறை தூக்கியாக வேண்டும், மெதுவாக வாசிக்கும்போது அந்தத் தூக்கலுக்கு நேரம் இருக்கும், வேகம் ஏறினால் இருக்காது. பாதையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் கதை மாறும். பிக்கை விரல் பிடித்திருக்கும் பக்கம் லேசாகத் தரையை நோக்கிச் சாய்ந்து, கூர்முனை கொஞ்சம் உங்கள் முகத்தைப் பார்த்தால், டவுன் அடிக்கையில் பிக் கம்பிகளுக்குள் இறங்கும், அப் அடிக்கையில் தானாகவே வெளியே எழும். வெளியே எழுந்த பிக் எந்தக் கம்பிக்கும் சுலபமாகப் போகலாம். ஆக இப்படிச் சாய்த்து வாசிப்பவர், கம்பி மாறுவதற்கு முந்தின தட்டு அப் ஆக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் கணக்கும் எதிர்மாறு, டவுன் அடித்து முடித்தபின் பிக் வெளியே இருக்கும்.

இது எனக்குத் தோன்றிய சங்கதி இல்லை. அமெரிக்காவில் ட்ராய் கிரேடி என்பவர் கிட்டாரிலேயே கேமராவைப் பொருத்தி, வேகமாக வாசிப்பவர்களின் பிக்கை ஸ்லோமோஷனில் ஓடவிட்டுப் பல வருடமாக இதை விளக்கி வருகிறார். ஸ்வீடன் ராக் கிட்டார்காரர் இங்வே மால்ம்ஸ்டீன் வாசிக்கிற வேகமான துண்டுகளில் நிறைய இடங்களில் ஒரு கம்பிக்கு இரட்டைப்படையில் சுரம் வருவது இந்தக் காரணத்தால்தான். பழைய ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட் வழி வந்த ஜிப்ஸி ஜாஸ்காரர்கள் புதுக் கம்பிக்குப் போனதும் டவுனில்தான் தொடங்குவார்கள். ஜாங்கோவுக்கு 1928-ல் தீ விபத்தில் இடது கையில் இரண்டு விரல் கிட்டத்தட்ட செயலிழந்துபோனது, மீதி இரண்டு விரலை வைத்துக்கொண்டுதான் அந்த ஓட்டமெல்லாம். வேகத்துக்கு விரல் நீளம் பத்தவில்லை என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

சரி, இதை எதில் பழகுவது? இணையத்தில் கிடைக்கிற பயிற்சித் தாள்களைவிட கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடங்களான நம் ஊர்ச் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் இதற்கு அருமையாகப் பொருந்தும். மாயாமாளவகௌளை ராகத்தை கிட்டாரில் இப்படி வையுங்கள்: ஐந்தாம் கம்பியில் 3, 4 (ஸ, ரி), நான்காம் கம்பியில் 2, 3, 5 (க, ம, ப), மூன்றாம் கம்பியில் 1, 4, 5 (த, நி, மேல் ஸ). கம்பிக்கு இரண்டு, மூன்று, மூன்று என்று சுரங்கள் விழுகின்றன. சரளி வரிசையாக ஒவ்வொரு சுரத்தையும் ஒருமுறை தட்டி டவுன், அப் என்று மாறி மாறிப் போனால், ஐந்தாம் கம்பியிலிருந்து நான்காம் கம்பிக்கு மாறும்போது கடைசித் தட்டு அப், நான்கிலிருந்து மூன்றுக்கு மாறும்போது கடைசித் தட்டு டவுன். அதாவது ஒரே ஆரோகணத்துக்குள் பிக் கம்பிகளிலிருந்து வெளியேறும் இரண்டு வகையும் தேவைப்படுகிறது. புதிதாகப் பழகுகிறவர் இங்கேதான் மாட்டுவார், ஏன் மாட்டினோம் என்றும் தெரியாது.

ஜண்டையாக ஸஸ ரிரி கக மம என்று வாசித்துப் பாருங்கள். கம்பிக்கு நான்கு, ஆறு, ஆறு தட்டு. எல்லாமே இரட்டைப்படை, ஆகவே எல்லாக் கம்பியும் டவுனில் தொடங்கி அப்-பில் முடியும், இறங்கி வரும்போதும் அப்படியே. ஒரே சாய்வில் கடைசி வரை போய்விடலாம். அதனால் கிட்டாருக்கு மட்டும் வரிசையை மாற்றுங்கள் என்பேன்: ஜண்டை முதலில், அது வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தபின் சரளி, கம்பி தாண்டிக் குதிக்கிற தாட்டு வரிசை எல்லாவற்றுக்கும் கடைசியில். பாட்டு வாத்தியார்கள் சண்டைக்கு வரலாம், அவர்களுக்குப் பிக் கிடையாது.

மெட்ரோனோமில் செய்கிற தவறு இரண்டு விதம். ஒன்று, வீடியோ பார்த்த சூட்டோடு நேரே 160-ல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் குழப்பி வாசிப்பது, இதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மற்றதை யாரும் சொல்வதில்லை: 60-ல் தொடங்கி, வாரத்துக்கு 2 கூட்டி, ஆறு மாதம் கழித்து வேகம் வரும் என்று காத்திருப்பது. மெதுவாக வாசிக்கும்போது எந்த அசைவும் வேலை செய்துவிடும், முழங்கையை ஆட்டினாலும், கட்டைவிரலை மடக்கினாலும், ஒவ்வொரு தட்டுக்கும் பிக்கைத் தனியாகத் தூக்கினாலும் சத்தம் சுத்தமாகத்தான் வரும். அந்த அசைவையே ஆறு மாதம் பழகிவிட்டு 110-க்கு வந்தால், அந்த அசைவால் அதற்கு மேல் போக முடியாது என்று அப்போதுதான் தெரியும், ஆறு மாதமும் வீண். வேகத்தில் ஓடக்கூடிய அசைவு எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் அதே அசைவை மெதுவாக்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதற்கும் நம் பக்கத்து வழியே போதும். மெட்ரோனோம் 70-ல் நிற்கட்டும், தொடவேண்டாம். முதல் காலத்தில் பீட்டுக்கு ஒரு தட்டு, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. ஒரே உட்காரலில் மெதுவும் வேகமும் மாறி மாறி வருவதால் கை ஏமாற்ற முடியாது, முதல் காலத்தில் செய்த வெட்டி அசைவெல்லாம் மூன்றாம் காலத்தில் மாட்டிக்கொள்ளும். அதோடு, நீளமாக வாசிக்காமல் சின்னத் துண்டாக, தகதிமி தா என்று வாயால் சொல்லிக்கொண்டே நான்கு தட்டு வேகமாகத் தட்டி, தா-வில் சரியாக பீட்டில் வந்து நில்லுங்கள், நின்று கையைத் தளர்த்துங்கள், மறுபடி. தட்டு தடம்புரண்டால் வேகத்தைக் குறைப்பதற்கு முன் துண்டைச் சின்னதாக்கிப் பாருங்கள். கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) தெரிந்தவர்களுக்கு இதில் பெரிய சௌகரியம் உண்டு, ஜான் மெக்லாஃப்லின் மாதிரி வெளிநாட்டுக் கிட்டார்காரரே ஷக்தி குழுவில் நம் ஆட்களோடு வாசித்துக் கொன்னக்கோலைப் பிடித்துக்கொண்டார், சந்தில் தவில் சத்தம் கேட்டு வளர்ந்த நாம் விரலில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொரு யோசனை நம்மூரில் அடிக்கடி காதில் விழும். சிங்காரி மேளக்காரர்கள் புளிமுட்டியை (புளிய மரத்தில் செய்த தடி) வைத்துக் கல்லில் அடித்துப் பழகிவிட்டுத்தான் செண்டையைத் தொடுகிறார்கள், அதுபோல கனமான கம்பி மாட்டி, கம்பி உயரமாக நிற்கிற கிட்டாரில் கஷ்டப்பட்டுப் பழகினால் பிறகு நல்ல கிட்டாரில் பறக்கலாம் என்று. செண்டைக்குச் சரி. பிக்குக்கு எடையே கிடையாது, அதை ஆட்டப் பலம் வேண்டியதில்லை, தளர்வுதான் வேண்டும். உயரமான கம்பியை அழுத்த இடது கை இறுகும், இடது கை இறுகினால் வலது கையும் கூடவே இறுகும், பழகுவது கடைசியில் அந்த இறுக்கத்தைத்தான். 12-ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் கிட்டாரைச் சரிபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிறது, ஈரத்தில் மரம் உப்பும், கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பியில் பிக் உரசி உரசிப் போகும், அதில் வேகத்தைத் தேடாதீர்கள். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் துடைத்தால் கம்பி இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அக்கூஸ்டிக்கில் லீடு பழக 10-ல் (முதல் கம்பி 0.010 அங்குல கனம்) தொடங்குகிற செட் போதும்.

பிக் விஷயம். கடைக்காரர் கிட்டாரோடு சும்மா கொடுக்கிற மெல்லிசு பிக், 0.46 மில்லிமீட்டர் அளவு, ஸ்ட்ரம்முக்கு நன்றாக இருக்கும். லீடுக்கு அது வளைந்து திரும்பி வருவதற்குள் அடுத்த சுரத்துக்கு நேரமாகிவிடும். 0.88-க்குக் கீழே போகாதீர்கள், பலருக்கு 1 மில்லிமீட்டர் தாண்டியும் பிடித்துப்போகும். ஏடிஎம் கார்டை வெட்டிப் பிக் செய்கிற ஆட்கள் உண்டு, அதன் கனம் 0.76, அவசரத்துக்குக் குற்றமில்லை, விளிம்பை மட்டும் உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். கனத்தைவிட முக்கியம் முனை எவ்வளவு வெளியே தெரிகிறது என்பது: விரலுக்கு வெளியே கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், கம்பிக்குக் கீழே இறங்குவது 2 மில்லிமீட்டர் இருந்தால் தாராளம். வேர்வையில் வழுக்குகிறது என்று இறுக்கிப் பிடிப்பது அடுத்த தவறு, பிளேடால் பிக்கின் இரு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டால் பிடிப்பு கிடைக்கும், கையை நெரிக்க வேண்டாம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசிக்கிற பழைய வீடியோ ஏதாவது எடுத்து, இடது கையை மறந்துவிட்டு, பிக் கம்பியை விட்டு எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மணிக்கட்டா, முழங்கையா, விரலா என்று ஒரு சண்டை ஓயாமல் நடக்கிறது. எதில் வேண்டுமானாலும் வாசியுங்கள். முழங்கையை விறைத்துக்கொண்டு நடுக்கத்தில் வாசிக்கிற ஆட்களுக்கு ஒரே கம்பியில் வேகம் வரும், கம்பி மாறும்போது திண்டாடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வலித்தால் நிறுத்துங்கள். மரத்துப்போனால், அல்லது அடுத்த நாளும் வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், தைலம் தடவிக்கொண்டு தொடரவேண்டாம்.

இரண்டு கையும் ஒரே நேரத்தில் விழாததை வேகம் போதவில்லை என்று நினைப்பவர்களும் நிறைய. இடது விரல் ஃப்ரெட்டில் அமர்வதற்கு முன் பிக் தட்டிவிட்டால் 'டப்' என்று செத்த சத்தம் வரும். இதைக் காதால் பிடிக்க வேண்டுமானால் டிஸ்டார்ஷன், ரிவெர்ப், டிலே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வாசிக்க வேண்டும், ஆலயத்தின் உயரக் கூரை எதிரொலியில் எல்லாமே தேனாகத்தான் கேட்கும், வீட்டு அறைக்குள் கேட்டால்தான் உண்மை தெரியும். போனில் ஸ்லோமோஷன் வசதி இருந்தால் போனைப் பிக்குக்குக் கிட்டத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள், கம்பி மாறுகிற கணத்தில் பிக் எங்கே சிக்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, எல்லாச் சுரத்தையும் தட்டித்தான் ஆக வேண்டும் என்ற பிடிவாதம். கம்பிக்கு மூன்று சுரம் வந்து கணக்கு ஒற்றைப்படையில் இடித்தால், ஒன்றைத் தட்டாமல் இடது விரலால் ஹேமர்-ஆன் (விரலைக் கம்பியில் அடித்து) ஆகவோ புல்-ஆஃப் (விரலால் கம்பியை இழுத்துவிட்டு) ஆகவோ எடுங்கள், தட்டு இரண்டாகி மறுபடி அப்-பில் முடியும். இல்லையென்றால் டவுன் அடித்த கையோடு அடுத்த கம்பியையும் டவுனிலேயே இழுத்துவிடலாம், எகானமி பிக்கிங் என்பார்கள், ஆனால் அந்த இழுப்பில் சுரம் பீட்டுக்கு முன்னால் விழுந்து விடுவது சகஜம், ஆகவே முதலில் ஹேமர்-ஆன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு இடையிசையைச் சரிசெய்தாக வேண்டிய அவசரம் என்றால் இதைத்தான் செய்வேன்: அந்தத் துண்டைத் தாளில் எழுதி, ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே டவுன், அப் போட்டு, கம்பி மாறும் இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு, வட்டத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு சுரம் மட்டும் எடுத்து அதையே வாசிப்பேன்.