பாஸ் தூண்டில்: ராடு, லூர், முள் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஏரிகளில் லார்ஜ்மவுத் பாஸ் என்னும் பெரிய வாயுள்ள நன்னீர் மீனைப் பிடிக்கத் தொடங்கும் ஒருவர் கடைக்குள் நுழைந்ததும் நேராகப் போய் நிற்பது லூர் எனப்படும் செயற்கை இரைகளின் அலமாரியின் முன்தான். நிறத்தையும் அட்டையில் அச்சிட்ட படத்தையும் பார்த்துக் கைநிறைய லூர்களை வாங்கிக்கொண்டு, அவற்றையெல்லாம் தம்மிடமுள்ள ஒரே ராடில் (தூண்டில் கோலில்) மாற்றி மாற்றிக் கட்டி எறிகிறார். மீன் கடிக்காமலும் இல்லை; ஆனால் கடித்த மீன் கரை சேர்வதில்லை. பாதி வழியில் துள்ளிக் கழன்றுவிடுகிறது, அல்லது ராடைச் சுண்டி இழுத்த கணத்திலேயே நரம்பு (தூண்டில் இழை) வெறுமையாகத் திரும்புகிறது. இதற்கு அதிர்ஷ்டத்தைப் பழிக்க வேண்டியதில்லை. பாஸின் வாயில் முள் எப்படி இறங்க வேண்டும் என்ற கேள்வியைக் கேட்காமல் பொருள் வாங்கியதன் விளைவு அது. மென்பிளாஸ்டிக் இரையில் மறைத்துக் கட்டும் தடித்த ஒற்றை முள், முதலில் அந்த இரையின் உடலைத் துளைத்து வெளிவந்து, பிறகு மீனின் தாடைக்குள் இறங்க வேண்டும். அதற்கு விறைப்பான ராடும் அதிகம் நீளாத நரம்பும் தேவை. இழுக்கும்போது நீருக்குள் மூழ்கி ஆடியபடி ஓடும் கிராங்க்பெய்ட் போன்ற லூர்களில் தொங்கும் மெல்லிய மும்முனை முள்ளோ மீன் வாயை மூடியதுமே பற்றிக்கொள்ளும். பிடித்த இடம் கிழியாமல் காக்க வளைந்துகொடுக்கும் ராடு வேண்டும். இந்த இரண்டில் எது என்று முடிவானால், ராடு, ரீல் (நரம்பைச் சுற்றி எடுக்கும் கருவி), நரம்பு ஆகியவற்றில் பெரும்பகுதி தானே முடிவாகிவிடும்.

ராடு வாங்குபவர்கள் பவரையும் ஆக்‌ஷனையும் ஒன்றென எண்ணிக் குழப்பிக்கொள்கிறார்கள். ராடு வளைய எவ்வளவு பாரம் வேண்டும் என்பதைப் பவர் சொல்கிறது. அது எந்த இடத்தில் வளைகிறது என்பதை ஆக்‌ஷன் சொல்கிறது. ஃபாஸ்ட் ராடு நுனிப்பகுதியில் மட்டும் வளையும். மாடரேட் ராடு நடுப்பகுதி வரை வளையும். கைப்பிடிக்குச் சற்று மேலே ‘7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், லூர் 1/4 முதல் 1 அவுன்ஸ், நரம்பு 12 முதல் 20 பவுண்டு’ என்பது போல ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கும். விலைச்சீட்டைப் பார்க்கும் கண்கள் இந்த வரியைப் பார்ப்பதில்லை. கீழ் வரம்புக்கும் குறைவான லூரைக் கட்டினால் எறியும்போது ராடு வளைந்து விசை சேர்வதில்லை, லூர் பத்தடி தள்ளிப் போய் விழுகிறது. மேல் வரம்பை மீறினால் ராடே முறியக்கூடும்.

பெரிய மீனுக்குப் பெரிய ராடு என்ற கணக்கும் இங்கே சரிவராது. பெரும்பாலும் தூண்டிலில் சிக்கும் பாஸ் இரண்டு மூன்று பவுண்டைத் தாண்டுவதில்லை. திறந்த நீரில் அதைக் கொண்டுவர மீடியம் பவர் ராடே போதும். ஹெவி ராடு தேவைப்படுவது மீனின் எடைக்காக அல்ல, அது பதுங்கியிருக்கும் இடத்துக்காக. அலபாமாவின் கண்டர்ஸ்வில் ஏரியில் ஹைட்ரில்லாப் பாசி அடர்ந்து மேற்பரப்பையே மூடிக்கிடக்கும் இடத்தில் மீனோடு சேர்த்து நாலைந்து பவுண்டு பாசியையும் இழுத்து வர வேண்டியிருக்கும். அங்கே ஹெவி ராடும் 50 அல்லது 65 பவுண்டு பின்னல் நரம்பும் வேண்டும். பாசியே இல்லாத, தெளிந்த, ஆழமான மிசௌரியின் டேபிள் ராக் ஏரிக்கு அதே கருவியைத் தூக்கிப் போனால், மெல்லிய நரம்பில் நயமாக இறக்க வேண்டிய சிறு இரைகளை அதைக்கொண்டு எறியவே முடியாது.

விறைப்பான ராடில் கிராங்க்பெய்ட் கட்டுவதே நான் மிக அதிகமாகக் காணும் தவறு. ஃபாஸ்ட் ராடு, நீளாத பின்னல் நரம்பு, கடித்த உணர்வு வந்ததும் தோள் அதிர ஒரு சுண்டு: இந்த மூன்றும் சேர்ந்தால், உதட்டோரத் தோலில் லேசாகப் பற்றியிருந்த மும்முனை முள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கிராங்க்பெய்ட்டுக்கு மாடரேட் ஆக்‌ஷன் ராடும் 10 அல்லது 12 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பும் பொருந்தும். கண்ணாடி இழை கலந்த ராடு இன்னும் நல்லது. கடித்ததும் சுண்டக் கூடாது. ராடைப் பக்கவாட்டில் சாய்த்தபடி தொடர்ந்து சுற்றினாலே முள் இறங்கிவிடும். ஆழத்துக்குப் போகும் பெரிய கிராங்க்பெய்ட் நீரில் கடுமையாக இழுக்கும் என்பதால், அதற்கு 5:1 சுற்று விகிதமுள்ள (கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஸ்பூல் என்னும் நரம்பு உருளை ஐந்து முறை சுற்றும்) மெதுவான ரீல் கைவலியைத் தவிர்க்கும். டெக்சாஸ் ரிக் (முன்னே குண்டு கோத்து, மென்பிளாஸ்டிக் இரைக்குள் முள்முனையை மறைக்கும் கட்டு), ஜிக் (முள்ளோடு குண்டு சேர்ந்த லூர்) போன்றவற்றில் இதற்கு நேர்மாறாக, தளர்ந்து கிடக்கும் நரம்பைச் சட்டென்று சுருட்டி எடுக்க 7:1 அல்லது அதற்கு மேற்பட்ட விகிதம் உதவும்.

எறியும்போது ஸ்பூலே சுழலும் பெய்ட்காஸ்டர் வகையை முதல் ரீலாகவே வாங்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தொழில்முறைப் போட்டியாளர்கள் கையில் அதைப் பார்த்துவிட்டு வாங்குபவர்கள், முதல் நாள் முழுவதும் ரீலுக்குள் சிக்கிய நரம்பைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். 1/4 அவுன்ஸுக்குக் குறைந்த லூர்களுக்குச் சாதாரண பெய்ட்காஸ்டர் ஒத்துழைக்காது; காற்றை எதிர்த்து எறிந்தால் தொல்லை இரட்டிப்பாகும். எறியும்போது ஸ்பூல் சுழலாத ஸ்பின்னிங் ரீல் பொருத்திய 7 அடி மீடியம் ராடில் 10 பவுண்டு பின்னல் நரம்பும், நுனியில் சில அடி நீளத்துக்கு 8 பவுண்டு ஃபுளோரோகார்பனும் கட்டிக்கொண்டால் தொடக்கக்காரருக்கு வேண்டிய பெரும்பாலான வேலைகள் நடந்துவிடும். பின்னல் நரம்பை வெற்று ஸ்பூலில் நேராகச் சுற்றாமல், அடியில் சில சுற்று நைலான் நரம்பு சுற்றி அதன்மேல் சுற்ற வேண்டும். இல்லையேல் பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு முழுவதும் ஸ்பூலோடு வழுக்கிச் சுழலும், ரீலின் இழுவைத் தடையான டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் பயன் இருக்காது.

நரம்பு வாங்கும்போது எத்தனை பவுண்டு தாங்கும் என்று மட்டும் கேட்பது போதாது. அது மிதக்குமா மூழ்குமா என்றும் கேட்க வேண்டும். ஃபுளோரோகார்பன் மூழ்கும். ஆகவே பாப்பர் போன்ற மிதக்கும் லூரை அதில் கட்டினால், லூரின் மூக்கு கீழே இழுபட்டு, நீரைத் தெறிக்க வேண்டியது தண்ணீருக்குள் தலைகுப்புறப் போகும். அதற்கு நைலான் அல்லது பின்னல் நரம்பே சரி. ஆழம் போக வேண்டிய கிராங்க்பெய்ட்டைத் தடித்த நரம்பில் கட்டினால், நரம்பின் மீது நீர் தரும் இழுவை காரணமாக அது அட்டையில் சொன்ன ஆழத்தை எட்டாது.

டெக்சாஸ் ரிக் கட்டுவதில் நேரும் பிழைகளைத் தனியே விரிவாகச் சொல்ல வேண்டும். பாஸ் பிடிப்பவர்கள் முதலில் கற்பதும் அலட்சியமாகச் செய்வதும் இதைத்தான். 1949-இல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் உருவாக்கிய மென்பிளாஸ்டிக் புழு, இன்று நண்டு, பல்லி, சிறுமீன் எனப் பல வடிவங்களில், பல பருமன்களில் கிடைக்கிறது. முள்ளோ எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் வாங்கப்படுகிறது. முள்ளின் தண்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் இங்கே கவனிக்க வேண்டியது. மீன் கடித்து அழுத்தும்போது பிளாஸ்டிக் ஒதுங்குவதற்கு அந்த இடைவெளியில் இடம் இல்லையென்றால் முனை வெளிவராது. மெல்லிய 6, 7 அங்குலப் புழுவுக்கு 3/0 அளவு முள் போதும் (முன்னெண் கூடக் கூட முள் பெரிது). பருத்த உடலுள்ள இரைக்கு அகன்ற இடைவெளியுள்ள 4/0 அல்லது 5/0 வேண்டும்.

கட்டும் முறை இதுதான். முள்முனையைப் புழுவின் மூக்கின் நட்டநடுவில் செருகி, கால் அங்குலம் உள்ளே ஓட்டி, அடிப்பக்கமாக வெளியே எடுக்க வேண்டும். முள்ளின் கண் மூக்குக்குள் மறையும் வரை தண்டை இழுத்தபின், முனை புழுவைப் பார்க்கும்படி முள்ளைத் திருப்ப வேண்டும். இப்போது புழுவைத் தளர்வாகத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு அதன் உடலில் எந்த இடத்துக்கு நேராக வருகிறதோ அங்கே நகத்தால் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் முனையைக் குத்தி மறுபக்கம் வெளியே கொண்டுவந்து, மேல்தோலில் மயிரிழை அளவு மட்டும் புதைத்துவிட வேண்டும். பலர் குறித்த இடத்துக்குச் சற்று மேலோ கீழோ குத்திவிட்டு, புழு கொஞ்சம் சுருங்கியோ இழுபட்டோ இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார்கள். வளைந்த புழு நீரில் சுழலும். சுழலும் புழு நரம்பை முறுக்கும். ஸ்பின்னிங் ரீலில் அந்த முறுக்கு பத்துப் பதினைந்து எறிகளுக்குள் சிக்கலாக மாறும். சந்தேகம் இருந்தால் கரையோரத் தெளிந்த நீரில் ஒருமுறை இழுத்துப் பார்த்து, நேராக வராவிட்டால் கழற்றி மறுபடி கோப்பதே நல்லது.

புழுவின் முன்னே நரம்பில் ஓடும் குண்டின் எடையிலும் பிழை நேர்கிறது. தூரம் போக வேண்டும் என்பதற்காக 1/2 அவுன்ஸ் குண்டைக் கட்டினால் புழு கல்லைப் போல அடியில் விழும். பாஸ் பெரும்பாலும் இரை மெல்ல இறங்கும்போதுதான் கவ்வுகிறது. பத்தடிக்குக் குறைந்த ஆழத்தில் 3/16 அல்லது 1/4 அவுன்ஸ் போதும். பாசிக்குள்ளோ கிளைகளுக்குள்ளோ எறிகையில் குண்டு தனியே முன்னோடிவிடாதபடி ரப்பர் தடுப்பால் அதை மூக்கோடு நிறுத்திவைக்க வேண்டும். பாசியோ கிளைகளோ இல்லாத அடித்தரையில் அந்தத் தடுப்பு தேவையில்லை.

மற்ற ரிக்குகளில் தவறு பெரும்பாலும் இடம் மாறிப் பயன்படுத்துவதே. குண்டு நரம்பின் நுனியிலும் முள் அதற்குச் சற்று மேலேயும் இருக்கும் டிராப் ஷாட் தெளிந்த, ஆழமான, பாசியற்ற நீருக்கானது. அதில் முள்முனை மேல்நோக்கி நிற்க வேண்டும் என்பதால், பாலமர் முடிச்சுப் போட்டபின் மிச்ச நரம்பை மறுபடி முள்ளின் கண் வழியே மேலிருந்து கீழே செலுத்திக் குண்டைக் கட்ட வேண்டும். குண்டுக்குப் பின்னே நீண்ட நரம்பில் இரை வரும் கரோலினா ரிக் ஏரியின் அகன்ற அடித்தரையைத் துழாவுவதற்கு நல்லது; விழுந்த மரங்களுக்குள் அதை எறிவது குண்டைக் காணிக்கை போடுவதற்குச் சமம்.

லூரைப் பொறுத்தவரை, நிறத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும். மீன் இருக்கும் ஆழத்தில் லூர் ஓடுகிறதா என்பது முதல் கேள்வி, எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பது இரண்டாவது. பன்னிரண்டடி ஆழத்தில் கிடக்கும் மீனின் தலைக்கு மேலே நாலடியில் ஓடும் கிராங்க்பெய்ட் எந்த நிறமாயிருந்தும் பயனில்லை. நீரின் வெப்பம் 50 பாகை ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும்போது பாஸின் உடலியக்கம் மந்தமாகிறது. கோடையில் பலன் தந்த வேகத்தைக் குளிர்காலத்திலும் தொடர்பவர்களுக்கு ஏரியே காலியாகத் தோன்றும். அப்போது நீண்ட மீன் வடிவ லூரான ஜெர்க்பெய்ட்டை இரண்டு முறை அசைத்துப் பத்து விநாடி சும்மா விடும் பொறுமைதான் வேண்டும். நிறத்துக்குச் சிறு விதி போதும்: தெளிந்த நீரில் பச்சைப்பூசணி போன்ற இயல்பு நிறங்கள், கலங்கிய நீரில் கறுப்பு-நீலம் அல்லது பளிச்சென்ற இளமஞ்சள்பச்சை. கலங்கிய நீரில் ஸ்பின்னர்பெய்ட் என்னும் சுழலும் தகடுள்ள லூரை எறிபவர்கள் நிறத்தைக் காட்டிலும் தகட்டைக் கவனிக்க வேண்டும். வட்டமான கொலராடோ தகடு அதிர்வை அதிகம் எழுப்பும். இலை வடிவ வில்லோ தகடு மின்னும், அதிர்வு குறைவு, ஆனால் பாசியினூடே சிக்காமல் போகும்.

தவளை லூரில் தவறு கருவியில் குறைவு, அவசரத்தில் அதிகம். தமிழகத்தில் விராலுக்குத் தவளை எறிந்து பழகியவர்களுக்கு இது தெரிந்ததுதான்: நீர் வெடித்துத் தெறித்ததைக் கண்டதும் சுண்டினால் தவளை வெறுமனே பறந்து வரும். மீனின் பாரம் ராடில் தெரியும் வரை பொறுத்துப் பின் சுண்ட வேண்டும்.

எல்லா லூரையும் எளிதில் மாற்றுவதற்காகச் சுழலியோடு கூடிய கொக்கியை நிரந்தரமாக நரம்பில் கட்டிவைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். சுழலும் தகடுள்ள இன்லைன் ஸ்பின்னருக்குச் சுழலி தேவை. மென்பிளாஸ்டிக்குக்கும் சிறு மிதவை லூருக்கும் அது வீண் பாரம். முடிச்சில், பின்னல் நரம்புக்குச் சாதாரண கிளிஞ்ச் வழுக்கும், பாலமர் நிற்கும். ஃபுளோரோகார்பனை எச்சிலால் நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அந்த இடமே பலவீனமாகிவிடும்.

குண்டு வாங்கும்போது மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் 1 அவுன்ஸும் அதற்குக் குறைந்ததுமான ஈயக் குண்டுகளுக்கும் ஈய ஜிக்குகளுக்கும் தடை உண்டு. லூன் என்னும் நீர்ப்பறவைகள் அவற்றை விழுங்கி நஞ்சேறி இறப்பதே காரணம். டங்ஸ்டன் விலை கூடுதல் என்றாலும், அதே எடையில் சிறியதாகவும் அடியிலுள்ள கல்லையும் கட்டையையும் கைக்குத் தெளிவாக உணர்த்துவதாகவும் இருக்கும். மீனைத் திரும்ப விடும் சட்டங்களும் கருவித் தேர்வைத் தொடுகின்றன. டெக்சாஸின் லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை நீரில் விட்டே ஆக வேண்டும். மூழ்கிய மரங்கள் நிறைந்த அந்த ஏரியில் டெக்சாஸ் ரிக் எறிபவர் கடியை உணர்ந்தும் சுண்டத் தாமதித்தால், புழு தொண்டைக்குள் போய் மீன் பிழைப்பது கடினமாகிவிடும். ஆகவே இரண்டாவது லூர்ப் பெட்டிக்கு முன்பே நீண்ட மூக்குள்ள குறடு ஒன்றை வாங்கிவிட வேண்டும். அது படகின் அடியறையில் அல்ல, இடுப்பில் இருக்க வேண்டும்.