கர்லிங் அயர்ன்: முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு

கர்லிங் அயர்ன் என்பது முடியைச் சுருட்டும் மின்கருவி. அதன் சூடு முடியை இளக்கத்தான் செய்யும். சுருள் படிவது ஆறும்போது. முடியிலுள்ள கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் தளர்ந்து, ஆறுகையில் முடி எந்த வடிவில் இருக்கிறதோ அதிலேயே மறுபடி இறுகும். சுருள் நிற்கவில்லை என்று சூட்டை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

தோளுக்குக் கீழே இறங்கும் முடிக்கு, அயர்னில் முடியைச் சுற்றும் உருளை 25 மி.மீ. விட்டத்தில் இருந்தால் பழக ஏற்றது. 19 மி.மீ. நெருக்கமான சுருள் தரும். 32 மி.மீ.யில் வெறும் அலைதான் விழும். குட்டை முடி அதில் சரியாகச் சுற்றாது. வெப்பநிலையைக் கூட்டிக் குறைக்க வழியில்லாத அயர்னை வாங்காதீர்கள். மெல்லிய முடி, சாயம் போட்ட முடி என்றால் 130–150 டிகிரி செல்சியஸ், நடுத்தர முடிக்கு 150–180, அடர்த்தியான முடிக்கு அதிகபட்சம் 200. எதுவானாலும் குறைந்த அளவில் தொடங்குங்கள்.

தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. ஷாம்பு போட்டு அலசி, முழுவதும் காயவிடுங்கள். ஈர முடியில் அயர்ன் பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ் விடும். அந்த இடத்தில் முடி ஒடியும். ‘சுர்’ரென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். காய்ந்த முடியைச் சிக்கெடுத்து, சூட்டிலிருந்து முடியைக் காக்கும் ஹீட் ப்ரொடெக்டன்ட் ஸ்ப்ரே அடித்து, அதுவும் உலர்ந்தபின் ஆரம்பிக்கலாம்.

முதலில் பிளக்கில் செருகாமலே கண்ணாடி முன் நின்று சுற்றிப் பாருங்கள். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிவதால் கை தடுமாறும். சூடான அயர்னோடு தடுமாறினால் நெற்றியிலோ காதிலோ பட்டுவிடும்.

மேல்முடியைக் கொண்டையாகக் கிளிப் போட்டுவிட்டு, பிடரிப் பக்கமிருந்து தொடங்குங்கள். கற்றை இரண்டரை செ.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம். தடிமனாக எடுத்தால் வெளிமுடி வெந்து, உள்முடி நேராகவே இருக்கும். கற்றையின் நடுவில் அயர்னின் கிளிப்பை லேசாகப் பிடித்து, நுனிவரை வழுக்கிக்கொண்டு போய், நுனியை உள்ளே அடக்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். நுனி கிளிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தூண்டில் முள் போல மடிந்துவிடும். முதல்முறை செய்வோரிடம் அதிகம் பார்க்கும் கோளாறு இது. தலைத்தோலுக்கு 3 செ.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள்.

8 முதல் 10 விநாடி போதும். கிளிப்பைத் திறந்து உருளையை உருவுங்கள், முடியை இழுக்காதீர்கள். இறங்கும் சுருளை உள்ளங்கையில் ஏந்தி, சுருட்டியபடியே சின்ன கிளிப்பால் தலையோடு சேர்த்துப் பொருத்தி, நன்றாக ஆறவிடுங்கள். அவசரமென்றால் மற்றதைச் சுருக்கிக்கொள்ளலாம், இதை மட்டும் விடாதீர்கள். முகத்தை ஒட்டிய கற்றைகளை இரு பக்கமும் முகத்துக்கு வெளிப்புறமாகச் சுற்றினால் பார்க்க இயல்பாக இருக்கும்.

எல்லாம் ஆறியபின் விரலால் கோதுங்கள். சீப்பு போட்டால் சுருள் விரிந்து முடி புஸ்ஸென்று நிற்கும். சென்னை போன்ற கடலோரப் புழுக்கத்தில் காற்றின் ஈரமே பிணைப்புகளைத் தளர்த்திவிடும் என்பதால், நினைத்ததைவிடச் சற்று இறுக்கமாகச் சுருட்டி மேலே ஹேர்ஸ்ப்ரே அடியுங்கள்.

சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்; பற்பசை தடவ வேண்டாம். வேலை முடிந்து பிளக்கைப் பிடுங்கி, அயர்ன் முழுக்க ஆறியதும் உருளையை ஈரத்துணியால் துடையுங்கள். ஸ்ப்ரே பிசுக்கு அதில் கருகி ஒட்டிவிட்டால் அடுத்தமுறை முடி வழுக்காமல் சிக்கும்.